இரத்தத்தை வடிகட்டி, உடம்பைச் சூடாக்கினால் நோய் போய்விடுமா?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது. இதழுக்காகக் கொஞ்சம் ஒழுங்குபடுத்திக் கொடுத்திருக்கிறேன்.)



லிஃப்ட் பராமரிப்புக்கும் தண்ணீர் லாரிக் கணக்குக்கும் நடுவில் எனக்கு அரை மணி நேரம் ஒதுக்கிய செயலாளருக்கு முதலில் நன்றி. நான் மருத்துவன் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் 34 ஆண்டு குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். மருத்துவம் பேச இவனுக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இன்று நான் பேசப்போவதில் பாதி மருத்துவம், பாதி பணம். பணத்தில் எனக்குப் பழக்கம் உண்டு. மருத்துவப் பகுதியில் மருத்துவர்கள் எழுதி வெளியிட்டதைப் படித்துச் சொல்கிறேன். என் சொந்தச் சரக்கு எதுவும் இல்லை.

விஷயம் இதுதான். போன மாதம் நம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு நோட்டீஸ் வந்தது. பலரும் பார்த்திருப்பீர்கள். இரத்தத்தை உடம்பிலிருந்து வெளியே எடுத்து, வடிகட்டி, நச்சுகளை நீக்கி, திரும்ப உள்ளே செலுத்துவார்களாம். கூடவே உடம்பைச் சூடேற்றி, மிச்சம் இருக்கிற கிருமிகளையும் புற்றுச் செல்களையும் அழிப்பார்களாம். பத்து முறை செய்ய மூன்றரை லட்சம் ரூபாய். முன்பணம் கட்டினால் தள்ளுபடி. சர்க்கரை, மூட்டுவாதம், தீராத அசதி, புற்றுநோய் எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும் என்று போட்டிருந்தது. அது எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை, பெயர் சொல்லப்போவதில்லை. ஆனால் நம் குடியிருப்பில் இரண்டு வீட்டில் இதைப் பற்றி உண்மையாகவே யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் என்னிடமே வந்து, "சார், ஃபிக்சட் டெபாசிட்டை இப்பவே முறிச்சா வட்டி எவ்வளவு குறையும்?" என்று கேட்டார். கணக்குப் போட்டுச் சொன்னேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தபோது, வட்டியைப் பற்றி மட்டும் சொன்னது போதாது என்று தோன்றியது.

இந்த நோட்டீஸில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. இரத்தத்தை வடிகட்டுவது பொய் இல்லை. வெப்பத்தால் நோயைத் தாக்குவதும் பொய் இல்லை. இரண்டும் பெரிய ஆஸ்பத்திரிகளில் தினமும் நடக்கிறவை. இரண்டு உண்மைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடுவில் ஒரு கூட்டல் குறி போட்டதும், மூன்றாவதாக வருவதும் உண்மையாகத்தான் இருக்கும் என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. எனவே ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் வடிகட்டுதல். நம் உடம்பில் சுமார் 5 லிட்டர் இரத்தம் இருக்கிறது. இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. அதில் பெரும்பகுதியைத் திரும்ப உள்ளே அனுப்பிவிட்டு, ஒன்றரை, இரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியே தள்ளுகின்றன. மருந்து, சாராயம், உணவில் வரும் வேண்டாத பொருள்கள் இவற்றை உடைத்துக் கழிக்கிற வேலையைக் கல்லீரல் பார்க்கிறது. ஆக, வடிகட்டி நமக்குப் பிறவியிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. சம்பளம் கேட்பதில்லை, ஞாயிற்றுக்கிழமை லீவும் இல்லை.

அது பழுதானால் என்ன செய்வது? ஹாலந்து நாட்டில் வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர், இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, 1943-ல், இதற்கு ஓர் இயந்திரம் செய்தார். ஜெர்மானியர் பிடியில் இருந்த ஊர், சாமான் எதுவும் கிடைக்காது. தொத்திறைச்சிக்கு உறையாகப் போடும் செலஃபேன் குழாயை ஓர் உருளையில் சுற்றி, அதற்குள் நோயாளியின் இரத்தத்தை ஓடவிட்டு, உப்புக் கரைசலில் சுழலவைத்தார். ஆரம்பத்தில் தோல்விக்கு மேல் தோல்வி. 1945-ல் 67 வயதுப் பெண் ஒருவர் மயக்கத்திலிருந்து கண் விழித்துப் பிழைத்தார். இன்று நாம் டயாலிசிஸ் என்கிறோமே, அதன் தொடக்கம் இதுதான்.

நம் பக்கத்துக்காரர்களுக்கு டயாலிசிஸ் புதிதல்ல. காட்டு வேலைக்குப் போகிறவர்களைக் கண்ணாடி விரியன் கடித்தால் சில பேருக்குச் சிறுநீரகம் அடங்கிப்போகும். விஷமுறிவு மருந்தோடு சில வாரம் டயாலிசிஸ் செய்து, சிறுநீரகம் திரும்ப வேலை செய்ய ஆரம்பித்து, வீட்டுக்கு நடந்து வந்தவர்கள் உண்டு. நிரந்தரமாகச் சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு வழக்கமாக வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது.

இன்னொரு வகை வடிகட்டுதலும் உண்டு. இரத்தத்தில் அணுக்கள் போக மீதி இருக்கிற மஞ்சள் நிற நீருக்குப் பிளாஸ்மா என்று பெயர். அதை மட்டும் பிரித்தெடுத்துவிட்டு, மாற்றுத் திரவம் கொடுப்பார்கள். 2025 ஜனவரியில் புனே நகரில் கிலன்-பாரே என்ற நரம்பு நோய் பலரைத் தாக்கியது, பத்திரிகையில் படித்திருப்பீர்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்பைத் தாக்கி, கை கால் விழுந்துபோகிற நோய் அது. அதற்கு இந்தப் பிளாஸ்மா மாற்றம் 1980-களிலேயே சோதித்து நிரூபிக்கப்பட்ட சிகிச்சை. எலி மருந்து விஷத்தால் கல்லீரல் கெட்டவர்களுக்கும் இதைச் செய்து பார்த்து, வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2019-ல் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள்.

இவை எல்லாவற்றிலும் பொதுவாக ஒன்று இருப்பதைக் கவனியுங்கள். எதை வெளியே எடுக்கிறோம் என்று பெயர் சொல்லித் தெரியும். டயாலிசிஸில் யூரியா, கிரியேட்டினின், பொட்டாசியம். செய்வதற்கு முன் இவ்வளவு, செய்தபின் இவ்வளவு என்று லேபில் எண் வரும். கிலன்-பாரே நோயில் நரம்பைத் தாக்கும் எதிர்ப்புப் பொருள். எத்தனை முறை செய்வது, எப்போது நிறுத்துவது என்றும் வரையறை உண்டு.

நோட்டீஸில் என்ன போட்டிருந்தது? "நச்சுகள்." என்ன நச்சு? பெயர் இல்லை. எவ்வளவு இருந்தது, எவ்வளவு குறைந்தது? எண் இல்லை. வங்கியில் ஒரு தொகை யார் கணக்குக்குப் போக வேண்டும் என்று தெரியாவிட்டால் அதை சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் வைப்போம். அதுவும் தற்காலிகமாகத்தான், ஆடிட்டர் வருவதற்குள் விவரம் கண்டுபிடித்துத் தீர்க்க வேண்டும். இந்த "நச்சு" என்ற சொல் தீர்க்கப்படாத சஸ்பென்ஸ் அக்கவுண்ட். அசதி, தலைவலி, தூக்கமின்மை என்று எது வந்தாலும் அதில் போட்டுவிடலாம்.

சிலர் வடிகட்டிய பின் பையில் தேங்கியிருக்கும் கலங்கலான மஞ்சள் நீரைக் காட்டி, "பாருங்கள், உங்கள் உடம்பில் இருந்த அழுக்கு" என்பார்களாம். யாருடைய பிளாஸ்மாவை எடுத்தாலும் அது மஞ்சளாகத்தான் இருக்கும். கொழுப்பான சாப்பாடு சாப்பிட்டுவிட்டுப் போனால் கலங்கலாகவும் இருக்கும். அந்த "அழுக்கில்" நம்மைக் காக்கிற எதிர்ப்புப் பொருள்களும், இரத்தம் உறைவதற்கான புரதங்களும், காலையில் போட்ட மாத்திரையில் கொஞ்சமும் சேர்ந்து போயிருக்கும்.

அடுத்து வெப்பம்.

காய்ச்சல் நோயைத் தீர்க்கும் என்பது பழைய எண்ணம். வியன்னாவில் வாக்னர்-யவுரெக் என்ற மனநல மருத்துவர் 1917-ல், மேகநோய் முற்றி மூளையைத் தாக்கியவர்களுக்கு வேண்டுமென்றே மலேரியாக் கிருமியை ஏற்றி, கடுங்காய்ச்சல் வரவைத்து, பிறகு கொய்னா கொடுத்து மலேரியாவை அடக்கினார். கேட்கவே பயமாக இருக்கிறது. ஆனால் அதுவரை நிச்சயம் சாவு என்றிருந்த நோயில் பலர் தேறினார்கள். 1927-ல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். மலேரியாவாலேயே செத்தவர்களும் உண்டு. 1940-களில் பென்சிலின் வந்ததும் மருத்துவ உலகம் அந்த முறையை மூட்டை கட்டி வைத்துவிட்டது. நல்லது வந்தால் பழையதை விடுவதுதான் அங்கே வழக்கம்.

இன்று வெப்பத்தைப் புற்றுநோய்க்குப் பயன்படுத்துகிறார்கள். புற்று இருக்கிற பகுதியைச் சுமார் 40 முதல் 43 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றினால், ரேடியேஷன் அதை இன்னும் நன்றாகத் தாக்கும். ஹாலந்தில் இதை முறையாகச் சோதித்து 2000-ல் வெளியிட்டார்கள். முற்றிய கருப்பைவாய்ப் புற்றில் ரேடியேஷன் மட்டும் பெற்ற பெண்களில் மூன்று ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் 100-க்கு 27 பேர். ரேடியேஷனோடு வெப்பமும் பெற்றவர்களில் 51 பேர். சின்ன வித்தியாசமா அது?

வயிற்றுக்குள் பரவிய சினைப்பைப் புற்றுக்கு, அறுவை சிகிச்சை மேசையிலேயே கீமோ மருந்தைச் சூடாக்கி வயிற்றுக்குள் சுழலவிடும் முறை ஒன்றும் இருக்கிறது. ஹைப்பெக் என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள்; சென்னையிலும் செய்கிறார்கள். 2018-ல் வந்த ஆய்வில், அது இல்லாதவர்களுக்கு நடு ஆயுள் 33.9 மாதம், அது பெற்றவர்களுக்கு 45.7 மாதம். ஏறக்குறைய ஒரு வருடம் கூடுதல். ஆனால் பெருங்குடலில் தொடங்கி வயிற்றுக்குள் பரவிய புற்றுக்கு இதே மாதிரிச் சூடான மருந்தைக் கொடுத்து பிரான்ஸில் சோதித்தபோது, ஆயுள் கூடவில்லை என்று 2021-ல் எழுதினார்கள். ஒரு புற்றில் பலித்தது இன்னொன்றில் பலிக்கவில்லை. செய்து பார்த்து, எண்ணிப் பார்த்தால்தான் தெரிகிறது. எல்லா நோய்க்கும் ஒரே சூடு என்று நோட்டீஸ் அடிக்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

நான் சொன்ன இரண்டு முறையிலும் வெப்பம் தனியாக வேலை செய்யவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ரேடியேஷனுக்குத் துணை, கீமோவுக்குத் துணை. அவற்றுக்குப் பதிலாக அல்ல.

வேர்வையோடு நச்சு வெளியேறும் என்ற பேச்சும் இருக்கிறது. வேர்வையில் இருப்பது பெரும்பாலும் தண்ணீரும் உப்பும். வேர்த்தால் நோய் போகும் என்றால், அக்னி நட்சத்திரத்தில் இலுப்பூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற எல்லோரும் சிரஞ்சீவிகளாக இருக்க வேண்டும். (இங்கே நீங்கள் சிரித்தீர்கள். ஆனால் மேலே மொட்டை மாடியில் கூரை போட வேண்டும் என்ற தீர்மானம் மூன்று கூட்டமாக நிலுவையில் இருப்பதையும் பொருளாளர் நினைவில் வைக்க வேண்டும்.)

சரி, இரண்டையும் சேர்த்து யாராவது செய்தார்களா? செய்தார்கள். 1990-ல் அமெரிக்காவில் அட்லாண்டா நகரில் இரண்டு மருத்துவர்கள், எய்ட்ஸ் நோயாளியின் இரத்தத்தைக் குழாய் வழியாக வெளியே எடுத்து, சூடாக்கி, திரும்ப உள்ளே செலுத்தி, உடம்பு முழுவதையும் கடும் காய்ச்சல் அளவுக்குக் கொண்டுபோனார்கள். தொலைக்காட்சியில் பெரிய செய்தி. அப்போது எய்ட்ஸுக்குச் சரியான மருந்து கிடையாது. மக்கள் எதையாவது பிடித்துக்கொள்ளத் தவித்துக்கொண்டிருந்த காலம். அமெரிக்க அரசின் ஆய்வு நிறுவனம் ஒரு குழுவை அனுப்பி ஆவணங்களைப் பார்த்தது. இதைத் தொடர்வதற்கு ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது.

எய்ட்ஸ் பிறகு எப்படி அடங்கியது? இந்தியாவில் அந்தக் கிருமியை முதன்முதலில் 1986-ல் நம் சென்னையில்தான் கண்டுபிடித்தார்கள், மருத்துவர் சுனிதி சாலமன் குழுவினர். 1996 வாக்கில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை வந்தது. 2004 முதல் நம் நாட்டில் அரசே அந்த மாத்திரைகளை இலவசமாகக் கொடுக்கிறது. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு வேலைக்குப் போய், பிள்ளைகளைப் படிக்கவைத்து, பேரன் பேத்தி எடுத்தவர்கள் இருக்கிறார்கள். இரத்தத்தைச் சூடாக்கிய கதை யாருக்கும் நினைவில் இல்லை.

அது பழைய கதை என்று விட முடியாது. கொரோனாவுக்குப் பிறகு ஐரோப்பாவில் பல மாதம் அசதியும் மூச்சுத்திணறலும் தீராதவர்கள், "இரத்தத்தைக் கழுவுகிறோம்" என்ற மையங்களுக்கு சைப்ரஸ், ஜெர்மனி என்று பறந்துபோனார்கள். 2022 ஜூலையில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதை விசாரித்து எழுதியது. நெதர்லாந்தைச் சேர்ந்த ஒருவர், அவரே மருத்துவர், சேமிப்பு ஏறக்குறைய முழுவதையும், 50,000 யூரோவுக்கு மேல் செலவழித்துவிட்டுப் பலன் எதுவும் இல்லாமல் திரும்பினார். நம் பணத்தில் 40 லட்சத்துக்கு மேல். படித்தவர், அதுவும் மருத்துவம் படித்தவர். தீராத நோயின் வேதனை படிப்பைப் பார்த்து ஒதுங்கிப் போவதில்லை. அதனால்தான் நம் இரண்டு வீட்டாரையும் நான் ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை.

2025-ல் ஹாலிவுட் நடிகர் ஆர்லாண்டோ புளூம் லண்டனில் இரத்தத்தை வடிகட்டிப் பிளாஸ்டிக் துகள்களை எடுத்துக்கொண்டதாகப் படம் போட்டார். கட்டணம் சுமார் 10,000 பவுண்டு. அதனால் ஆரோக்கியம் கூடும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று விஞ்ஞானிகள் சொன்னார்கள். அவர்கள் சொன்னது எத்தனை வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது? நடிகர் படம் நம் குழுவுக்கே வந்தது.

இப்போது ஆபத்தைச் சொல்கிறேன். சுருக்கமாகத்தான், பயமுறுத்த அல்ல. இரத்தத்தை வெளியே எடுக்கக் கழுத்திலோ தொடையிலோ பெரிய நரம்பில் குழாய் போட வேண்டியிருக்கும். அங்கே கிருமி தொற்றினால் அது நேரே இரத்தத்துக்குப் போகும். குழாயில் உறையாமல் இருக்க மருந்து கொடுப்பார்கள். அதனால் இரத்தக்கசிவு வரலாம், அல்லது கால்சியம் குறைந்து கை கால் மரத்து இழுக்கலாம். இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கலாம். இத்தனையும் இருக்கும்போது உடம்பைச் சூடேற்றினால் இதயம் இன்னும் வேகமாக அடிக்க வேண்டும், நீர்ச்சத்து இன்னும் குறையும். இருபது வயதுப் பையன் தாங்கலாம். அறுபதைத் தாண்டி, பி.பி. மாத்திரையும் இதய மாத்திரையும் போட்டுக்கொண்டிருக்கிற நம்மைப் போன்றவர்கள்? டயாலிசிஸ் பிரிவிலும் இந்த ஆபத்துகள் உண்டு. அங்கே அந்த ஆபத்தை ஏற்கிறோம், ஏனென்றால் ஏற்காவிட்டால் உயிர் போய்விடும். வெறும் அசதிக்கு அதை ஏற்க வேண்டுமா?

இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. காலம்.

நான் பல ஆண்டு நகைக்கடன் கவுண்ட்டரில் உட்கார்ந்திருந்தவன். விண்ணப்பத்தில் "கடன் வாங்கும் நோக்கம்" என்று ஓர் இடம் இருக்கும். விதை, உரம், கல்யாணம், படிப்பு, மருத்துவச் செலவு என்று எழுதுவார்கள். ஒரு அம்மா, பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம், மகளுக்காக 11 பவுனைக் கொண்டுவந்தார். மகளுக்கு மார்பில் கட்டி. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்கள். பயந்துபோய், கத்தி வைக்காமல் இரத்தத்தைச் சுத்தம் செய்து குணமாக்குகிறோம் என்ற ஓர் இடத்துக்குப் போனார்கள். முதல் தவணைக்கு வளையல். இரண்டாவது தவணைக்குச் சங்கிலி. எட்டு மாதம் கழித்து மறுபடி வந்தார். இந்த முறை ஆஸ்பத்திரிக்கே பணம் கட்ட. எட்டு மாதத்துக்கு முன் ஆபரேஷனோடு முடிந்திருக்கக்கூடியது, அதற்குள் அக்குளுக்கும் எலும்புக்கும் போயிருந்தது. அடுத்த ஆண்டு ஏல நோட்டீஸில் அந்த அம்மா பெயரை நான்தான் டைப் செய்தேன். நகையை மீட்க யாரும் வரவில்லை. மகள் என்ன ஆனாள் என்று நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்; இங்கே சொல்லவில்லை.

இது ஒரு குடும்பத்தின் கதை, இதை வைத்து முடிவு கட்டாதீர்கள் என்று யாராவது சொன்னால் அது சரியே. எண்ணிக்கையும் இருக்கிறது. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், இன்னும் பரவாத நிலையில் இருந்த நாலு வகைப் புற்றுநோயாளிகளைப் பார்த்தார்கள். மாற்று முறையை மட்டுமே நம்பியவர்கள் 281 பேர், வழக்கமான சிகிச்சை பெற்றவர்கள் 560 பேர். மாற்று முறையை மட்டும் நம்பியவர்களுக்கு இறக்கும் அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றில் மட்டும் ஐந்து மடங்குக்கும் மேல். மார்பகப் புற்றில் ஏன் இவ்வளவு என்றால், சீக்கிரம் பார்த்தால் நன்றாகக் குணமாகிற நோய் அது. அதனால்தான் தள்ளிப்போட்டால் நஷ்டமும் அதிகம்.

புற்றுநோய் என்றதும் நம் மாவட்டத்துக்காரர் ஒருவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துக்கத்தை மனத்தில் வைத்திருந்து, 1954-ல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிவைத்தார். கையில் காசில்லாதவர்களுக்கும் அங்கே வைத்தியம் நடக்கிறது. நம் மண்ணில் பிறந்தவர் கட்டிய வாசல் அங்கே திறந்திருக்கும்போது, நம் ஆட்கள் நோட்டீஸை நம்பி வேறு எங்கோ போய் நிற்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சித்த மருத்துவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நோட்டீஸில் "நம் முன்னோர் முறை" என்றும் ஒரு வரி இருந்தது. சித்த மருத்துவத்தில் 32 புற மருந்துகள் சொல்லப்படுகின்றன. வேது, ஒற்றடம், அட்டை விடல், குருதி வாங்கல் எல்லாம் அதில் வருகின்றன. என் பாட்டி நொச்சி இலை போட்டு வேது பிடிக்கவைத்துத்தான் எங்கள் ஜலதோஷத்தை விரட்டினார். முழங்கால் வலிக்கு இன்றும் என் வீட்டில் தவிட்டு ஒற்றடம்தான். ஆனால் கழுத்து நரம்பில் குழாய் போட்டு, இயந்திரத்தில் இரத்தத்தைச் சுழலவிட்டு, 42 டிகிரிக்கு உடம்பைச் சூடேற்றுவது எந்த முன்னோரும் செய்தது கிடையாது. தாம்பரத்தில் மத்திய அரசின் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. சித்த வைத்தியம் வேண்டும் என்கிறவர்கள் முறையாகப் படித்துப் பதிவு செய்த மருத்துவரிடம் போகலாம். அவர்களுடைய பெயரை இரவல் வாங்கி வியாபாரம் செய்கிறவர்களிடம் வேண்டாம்.

இனி என் பகுதி, பணம்.

உங்கள் மெடிக்ளைம் பாலிசிப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். விலக்குகள் என்ற தலைப்பில் 16-ம் எண்ணில் "நிரூபிக்கப்படாத சிகிச்சைகள்" என்று ஒரு பத்தி இருக்கும். பலன் உண்டு என்பதற்குப் போதுமான மருத்துவ ஆவணம் இல்லாத சிகிச்சைக்குப் பணம் கிடையாது என்பது அதன் சாரம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக வகுத்த வாசகம் அது. என்னைப் போன்ற வங்கி ஓய்வூதியர்கள் குரூப் பாலிசியில் இருப்பவர்கள், அந்தப் புத்தகத்தையும் ஒரு முறை புரட்டுங்கள். "இன்ஷூரன்ஸ்ல கிளெய்ம் பண்ணிக்கலாம்" என்று யாராவது வாயால் சொன்னால், எந்தத் தலைப்பில் கிளெய்ம் செய்வீர்கள் என்று கேளுங்கள். வேறு ஏதோ நோயின் பெயரைப் போட்டு பில் தருகிறேன் என்றால், அந்தப் பொய்க்குக் கையெழுத்துப் போடப்போவது நீங்கள். பாலிசியே ரத்தாகலாம்.

சட்டமும் இருக்கிறது. மருந்துகள் மற்றும் மந்திர நிவாரணங்கள் சட்டம், 1954. அதன் அட்டவணையில் 54 நோய்களின் பெயர் இருக்கிறது. புற்றுநோயும் சர்க்கரை நோயும் அதில் அடக்கம். இந்த நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வது குற்றம். முதல் முறை 6 மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். அடுத்த முறை ஒரு வருடம் வரை. எழுபது வருடத்துக்கு முந்தைய சட்டம். அப்போதே நம் ஆட்களுக்கு இந்த வியாபாரம் தெரிந்திருக்கிறது. தமிழ்நாட்டில் எந்த மருத்துவ நிலையமும் 1997-ம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். அந்தச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதலாம். மனு எழுத உதவி தேவை என்றால் மாலை 5 மணிக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன்.

நேரில் போகிறவர்கள் அங்கே என்ன கேட்பது? என் இரத்தத்தில் என்ன பொருள் கூடுதலாக இருக்கிறது, எந்த லேப் ரிப்போர்ட்டில் அது இருக்கிறது என்று கேளுங்கள். வடிகட்டியபின் அது எவ்வளவு குறையும், குறைந்ததை வெளியில் வேறு லேபில் பார்த்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். மயங்கி விழுந்தால் ஐ.சி.யு. இங்கேயே இருக்கிறதா, எத்தனை கிலோமீட்டர் போக வேண்டும் என்று கேளுங்கள். இது ஆராய்ச்சி என்று சொன்னால், இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிவு எண் என்ன என்று கேளுங்கள். 2009-லிருந்து அது கட்டாயம். ஒப்புதல் படிவத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். சிகிச்சையின் பலன், ஆபத்து, மாற்று வழி எல்லாவற்றையும் நோயாளிக்கு விளக்கித்தான் ஒப்புதல் வாங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008-லேயே தீர்ப்புக் கொடுத்திருக்கிறது. எந்த வங்கியும் கடன் பத்திரத்தைப் படிக்கவிடாமல் கையெழுத்து வாங்கினால் நீங்கள் சும்மா இருப்பீர்களா?

முன்பணம் மட்டும் கட்டாதீர்கள். "இன்று மாலைக்குள் கட்டினால் தள்ளுபடி" என்பது துணிக்கடைக்குச் சரி. வைத்தியத்தில் ஆடித் தள்ளுபடி இருக்கக்கூடாது.

கடைசியாக, கூட்டத்தில் எழுந்த மூன்று கேள்விகளையும் எழுதிவிடுகிறேன், வராதவர்களுக்காக.

இரண்டாம் தளத்து அக்கா, பிசியோதெரபியில் கைக்கு மெழுகு ஒத்தடம் கொடுக்கிறார்களே, அதுவும் தப்பா என்று கேட்டார். தப்பே இல்லை. அது மூட்டு இறுக்கத்தைத் தளர்த்தி வலியைக் குறைக்கத்தான். அவர்கள் அதற்கு மேல் எதுவும் சொல்வதும் இல்லை. சர்க்கரை நோயால் கை கால் உணர்ச்சி குறைந்தவர்கள் மட்டும் சூட்டை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்; சுட்டது தெரியாமல் புண்ணாகிவிடும்.

ஒரு தம்பி, நண்பரின் அப்பாவுக்கு டயாலிசிஸ் சொல்லியிருக்கிறார்கள், இந்தப் பேச்சைக் கேட்டால் அவர் பயந்து நிறுத்திவிட மாட்டாரா என்றார். நல்ல வேளை கேட்டார். சிறுநீரகம் செயலிழந்தவர் டயாலிசிஸை ஒரு நாளும் விடக்கூடாது. அது எண்ணோடு, கணக்கோடு நடக்கிற வடிகட்டுதல். நான் பேசியது கணக்கில்லாததைப் பற்றி.

மூன்றாவதாக, ஃபிக்சட் டெபாசிட் விஷயம் கேட்டவரே எழுந்து, "அப்ப அசதிக்கு என்னதான் சார் பண்றது?" என்றார். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, வைட்டமின் பி12, கிரியேட்டினின் இந்த ஐந்தையும் பார்த்துவிட்டு ஒரு பொது மருத்துவரிடம் போகலாம் என்றேன். புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் காலையில் போனால் வெளிநோயாளிச் சீட்டோடு பார்த்துவிடலாம். போக முடியாதவர்கள் 104-க்குப் போன் செய்தும் ஆலோசனை கேட்கலாம். வியாழக்கிழமை நானும் என் சர்க்கரைக்கு அங்கே போகிறேன். காரில் இன்னும் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது. காலை ஏழு மணிக்குக் கேட் பக்கம் வந்துவிடுங்கள், வெறும் வயிற்றோடு.